மாமானியும் ரெனாட்டோவும் சாப்பிட வாராவ

ஜெயசீலன்: ...இல்ல மேரி. ஒருத்தருக்கு மதியம், இன்னொருத்தருக்கு ராத்திரி. அப்பிடித்தான் சொல்லி வச்சிருக்கேன்.

சகாயமேரி: ஏங்க, நான் தூத்துக்குடியிலேருந்து தம்மாம் வந்து ஒரு வாரம் ஆகல. இந்த சவூதி வெக்கையில ரெண்டு தடவ அடுப்புல நிக்கச் சொல்லுதீய. ரெண்டு பேரும் உங்ககூட அந்தக் கப்பல் இழுக்குற டக் போட்டுல ஒண்ணா வேல பாக்கிறவியதான? ஒண்ணா உக்காந்து தின்னா என்னவாம்?

ஜெயசீலன்: உக்கார மாட்டாவ. ரெனாட்டோ எங்க கேப்டன், சிலி நாட்டுக்காரரு. மாமானி சீஃப் இஞ்சினியர், அவிய பொலிவியா...

சகாயமேரி: மாமாவா? எந்த வழியில மாமா?

ஜெயசீலன்: சிரிக்காத. மாமானி. அது அவிய குடும்பப் பேரு.

சகாயமேரி: சரி, மாமாவுக்கும் கேப்டனுக்கும் என்ன சண்ட? சம்பளமா, பொம்பளயா?

ஜெயசீலன்: கடலு.

சகாயமேரி: கடலா...

ஜெயசீலன்: நூத்தம்பது வருசத்துக்கு முந்துன சண்ட.

சகாயமேரி: அப்ப ரெண்டு பேரும் பொறக்கவே இல்லியே.

ஜெயசீலன்: அவிய தாத்தன்மாரே பொறக்கல. ஆனா டெக்ல தட்டோட உக்காந்தா இன்னைக்கும் அதே பேச்சுதான். நடுவுல நான். மீன் முள்ளக்கூட நிம்மதியா எடுக்க முடியாது.

சகாயமேரி: அப்பிடி என்னதான் நடந்துச்சு? வெங்காயத்த உரிச்சிக்கிட்டே சொல்லுங்க.

ஜெயசீலன்: தென் அமெரிக்காவுல ஒரு பாலைவனம். ஓரத்துல கடல். இந்த ஊரு மாதிரியேன்னு வச்சிக்கோ. இங்க மண்ணுக்குள்ள எண்ணெய், அங்க வெடியுப்பு.

சகாயமேரி: அத வச்சி என்ன செய்ய?

ஜெயசீலன்: உரத்துக்கும் ஆகும், வெடிமருந்துக்கும் ஆகும். ஐரோப்பாக்காரன் அதுக்கு அலைஞ்சிருக்கான். நெலம் பொலிவியாவுக்கு. தோண்டுன கம்பெனியும் ஆளும் சிலி.

சகாயமேரி: வெனை அங்கனயே தெரியுதே...

ஜெயசீலன்: பொறு. வரிய ஏத்த மாட்டோம்னு பொலிவியா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்துச்சு. அப்புறம் ஏத்திருச்சு. சின்ன வரிதான்.

சகாயமேரி: ஏன் ஏத்துனாவ?

ஜெயசீலன்: மாமானியக் கேட்டா, பூகம்பத்துல ஊரு இடிஞ்சி கெடந்துச்சு, மழையில்லாம பஞ்சம் வேற, எங்க மண்ணுல கேக்காம யாருட்ட போயிக் கேப்போம்பாவ. ரெனாட்டோவக் கேட்டா, குடுத்த வாக்கு வாக்குதானம்பாவ.

சகாயமேரி: ரெண்டும் நியாயமாத்தான் இருக்கு.

ஜெயசீலன்: அதனாலதான் தீரல. கம்பெனி கட்ட மாட்டேன்னுச்சு. சொத்த ஏலம் விடுவோம்னு பொலிவியா நாள் குறிச்சிச்சு. அந்த நாள்லயே சிலி பட்டாளம் கப்பல்ல வந்து எறங்கிருச்சு.

சகாயமேரி: ஏலம் எடுக்க வந்தாவளோ...

ஜெயசீலன்: ஊரையே எடுக்க வந்தாவ. பக்கத்துல பெருன்னு ஒரு நாடு. அது பொலிவியாவோட ரகசியமா ஒப்பந்தம் போட்டு வச்சிருந்துச்சு. அதுவும் உள்ள வந்து மாட்டிக்கிச்சு. கடைசியில சிலிக்காரன் பெருவோட தலைநகரம் வரைக்கும் போயிட்டான்.

சகாயமேரி: பொலிவியா?

ஜெயசீலன்: இருந்த கடக்கரை பூராத்தையும் விட்டுட்டு மலையேறிருச்சு. கடல் இல்லாத நாடாப் போச்சு.

சகாயமேரி: கடல் இல்லாத நாட்டுக்காரரு எப்பிடிங்க கப்பல் இஞ்சினியர் ஆனாவ?

ஜெயசீலன்: வீம்புதான்... அவிய நாட்டுல இன்னமும் கடற்படை இருக்கு. ஒரு பெரிய ஏரியில நிக்கி. வருசத்துல ஒரு நாள் கடலுக்குன்னே ஊர்வலம் வேற. மாமானி ஸ்கூல் பேண்டுல கொட்டு அடிச்சிட்டுப் போவாவளாம். "கடலப் பாக்காமலே கடலுக்காக அழுதிருக்கேன் ஜெயா"ன்னு ஒரு தடவ சொன்னாவ. மீசை மொளச்சி ரொம்ப நாளு கழிச்சித்தான் கடலயே பாத்தாவளாம்.

சகாயமேரி: நமக்குக் கதவத் தொறந்தாக் கடலு. அத ஒரு கொடுப்பினைன்னு நான் நெனச்சதே இல்ல.

ஜெயசீலன்: நானும்தான்... ஊர விட்டு வாரவரைக்கும்.

சகாயமேரி: அந்த உப்ப இன்னும் தோண்டுதாவளா?

ஜெயசீலன்: கொஞ்சமா. சிலி அதுல கொஞ்ச காலம் நல்லா வாழ்ந்துச்சு. அப்புறம் காத்துலேருந்தே உரம் செய்ய ஜெர்மன்காரன் கண்டுபிடிச்சிட்டான். உப்புக்கு வெலயில்லாமப் போயி, அந்த ஊரெல்லாம் ஆளில்லாம கெடக்கு. ரெனாட்டோவோட பாட்டனாரு அங்கதான் வேல பாத்து, வேல போயி, புள்ளகுட்டியோட தெருவுல நின்னவராம்.

சகாயமேரி: ஜெயிச்சவியளுக்கும் அந்தக் கதியா...

ஜெயசீலன்: இப்ப இந்தா, பக்கத்துல ஜுபைல்ல கேஸ்லேருந்து மலை மலையா யூரியா செய்யுதாவ. அந்த யூரியாக் கப்பலத்தான் நாங்க மூணு பேரும் தொறமுகத்துலேருந்து இழுத்து விடுதோம். நம்ம ஊரு வயலுக்கும் போவுது.

சகாயமேரி: எதுக்காக வெட்டிக்கிட்டாவளோ அது இப்ப சாக்குல வருது.

ஜெயசீலன்: கடலு திரும்பி வரலயே. செத்தவனும் வரல.

சகாயமேரி: ...சரி. இத்தன வருசத்துல எந்த கேப்டனுக்கும் சோறு போடணும்னு நீங்க சொன்னதில்ல. இவியளுக்கு மட்டும் என்ன?

ஜெயசீலன்: சும்மாதான். நல்ல மனுசங்க.

சகாயமேரி: சும்மாவா?

ஜெயசீலன்: வெங்காயம் போதுமா?

சகாயமேரி: போதும். நீங்க சொல்லுங்க.

ஜெயசீலன்: நோன்புக்கு முந்தி ஒண்ணு நடந்துச்சு. எங்க டெக்ல ஒரு பிலிப்பைன்ஸ்காரன்... கப்பல இழுக்கும்போது வடம் அந்து அவன அடிச்சிருச்சு. ஆளு தண்ணிக்குள்ள போயிட்டான்.

சகாயமேரி: நீச்சல் தெரியாதா?

ஜெயசீலன்: கடக்கரையிலயே பொறந்தவன்தான். தலையில அடிபட்டுட்டா நீச்சல் எங்கேருந்து வரும்?

சகாயமேரி: ம்...

ஜெயசீலன்: மாமானி எஞ்சின் ரூம்லேருந்து ஓடி வந்து பூட்ஸோடயே குதிச்சிட்டாவ. அந்தப் பெரிய கப்பல் இவிய மேல நகந்து வந்துட்டே இருக்கு. ரெனாட்டோ டக் போட்டக் கொண்டாந்து கப்பலுக்கும் இவியளுக்கும் நடுவுல விட்டுட்டாவ. கப்பல் இடிச்சிருந்தா டக் போட்டோட சேந்து கேப்டனும் போயிருப்பாவ. ஒருத்தரு தூக்கிக் குடுக்க, ஒருத்தரு மேலேருந்து இழுக்க... ஆளு பொழச்சிட்டான்.

சகாயமேரி: மாதாவே... அவனுக்குப் பொண்டாட்டி இருக்காளா?

ஜெயசீலன்: இருக்கா.

சகாயமேரி: அவட்டச் சொன்னானா?

ஜெயசீலன்: சொல்லல.

சகாயமேரி: ஏனாம்?

ஜெயசீலன்: தூரத்துல கெடக்கிறவ... பதறிப் போவா. தெரிஞ்சி என்ன செய்ய முடியும் அவளால?

சகாயமேரி: ஒண்ணும் முடியாதுதான். அழுவா. கோயில்ல போயி முழங்கால்ல நிப்பா.

ஜெயசீலன்: அதான் சொல்லல... பெல் அடிக்குது பாரு. மாமானிதான். இரு, கதவுத் துளையில பாக்கேன்.

சகாயமேரி: பாருங்க.

ஜெயசீலன்: ஏட்டி... கேப்டனும் கூட நிக்காவ.

சகாயமேரி: ஆமா. ரெண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னது நான்தான்.

ஜெயசீலன்: நீயா? இன்னைக்கு நம்ம வீட்டுல யுத்தம்தான் நடக்கப் போவுது. ஆமா, அவிய நம்பரு உனக்கு எப்பிடிக் கெடச்சிச்சு?

சகாயமேரி: அன்னைக்கு நீங்க போன எடுக்கல. நான் விடாம அடிச்சேன். கடைசியில கேப்டன் உங்க போன எடுத்து வீடியோவுல வந்தாவ, அவிய நம்பரும் குடுத்தாவ. ஆஸ்பத்திரி பெஞ்சு. பக்கத்துல மாமானி, சொட்டச் சொட்ட நனஞ்சி போயி, கேப்டனோட கோட்டப் போத்திக்கிட்டு. "உன் புருசனுக்கு மூச்சு வந்துருச்சு, கண்ணு முழிக்கிறவரைக்கும் நாங்க ஒன்கூட இருக்கோம், போன வைக்காதம்மா"ன்னாவ. எனக்குப் புரியிற இங்கிலீசுல ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பேசுனாவ. கடலு யாரோடதுன்னு ஒரு பேச்சு இல்ல. நீங்களாச் சொல்லுறவரைக்கும் பொறுப்போம்னு இருந்துட்டேன். பிலிப்பைன்ஸ்காரன்னு சொல்லுவீயன்னு நெனக்கல. விசா எடுங்கன்னு நான் கெடையாக் கெடந்தது உங்களப் பாக்க மட்டும் இல்லங்க, இவிய ரெண்டு பேரு கையையும் ஒரு தடவ புடிக்கணும்னுதான். தள்ளுங்க, கதவ நான் தொறக்கேன்.