பிக்கப்பின் மூஞ்சியில் ஐஸ்பெட்டிச் சுருள்

பொன்னுதுரை: யாரைக் கேட்டுடா என் வண்டி மூஞ்சியைக் கழட்டின?

கருணாகரன்: நீங்கதானே அண்ணே, கியர் சூடாகாம என்னமாவது பண்ணு கருணான்னு பட்டறையில விட்டுட்டுப் போனீங்க.

பொன்னுதுரை: என்னமாவதுன்னா... இதுவா? என்னடா இது, ரேடியேட்டருக்கு முன்னால, கருப்பா, பாம்பு சுருண்டு கிடக்குற மாதிரி?

கருணாகரன்: குழாய்ச் சுருள். புக்கிட் ரம்பாய் தோட்டத்துத் துரை கப்பலேறிட்டாரில்ல, அவரு பங்களா ஐஸ்பெட்டிக்குப் பின்னால இருந்தது.

பொன்னுதுரை: ஐஸ்பெட்டி! அம்மன் தேரை இழுக்குற வண்டியில, துரை மாட்டிறைச்சி வச்ச ஐஸ்பெட்டியோட...

கருணாகரன்: இறைச்சி உள்ள இருந்துச்சு அண்ணே. குழாய் வெளிய இருந்துச்சு.

பொன்னுதுரை: கிண்டலா?

கருணாகரன்: மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவிட்டேன். அப்புறம், இந்தப் பிக்கப்பும் அதே துரையோடதுதான். இதுல ஏறி உட்காரும்போது நீங்க மஞ்சத்தண்ணி கேக்கலையே.

பொன்னுதுரை: வாயைப் பாரு! சாவி எங்க?

கருணாகரன்: இருக்கு, இருக்கு. முதல்ல சொல்றதக் கேளுங்க. இது கிளச் இல்லாத வண்டி. தானா கியர் மாத்துற பெட்டிக்குள்ள எண்ணெய்தான் எல்லா வேலையும் பார்க்குது. பாரத்தை மெதுவா இழுத்தா அந்த எண்ணெய் கொதிக்கும். இனிமே அது இந்தக் குழாய் வழியா முன்னால வந்து, காத்து வாங்கி, ஆறித் திரும்பிப் போகும்.

பொன்னுதுரை: தேர் நடக்குற வேகத்துல காத்து எங்கடா வரும்?

கருணாகரன்: ரேடியேட்டர் காத்தாடி இழுக்குதில்ல, அந்தக் காத்து இதுக்குள்ள பூந்துதான் போகணும்.

பொன்னுதுரை: ம்... போன வருசமே இதை மாட்டியிருக்க வேண்டியதுதானே? முச்சந்தியில புகை கக்கிக்கிட்டு நின்னுச்சு. அம்மன் நடுரோட்டுல. ஆம்பளைங்க வடம் போட்டு இழுத்துக்கிட்டுப் போனாங்க. அந்தத் தம்பிராஜா, பெரிய கோயில் தலைவரு, மைக்குல சொல்றான், நொண்டிக்கு ஏத்த நொண்டி வண்டின்னு!

கருணாகரன்: மைக்குல சொல்லலண்ணே. மைக்குப் பக்கத்துல நின்னு சொன்னாரு.

பொன்னுதுரை: காஜா பேராங் முழுக்கக் கேட்டுச்சுடா! சயாம் ரயில் ரோடு போடுறப்ப போன காலு இது. ஜப்பான்காரன் எங்களை ஏத்திக்கிட்டுப் போனப்ப இவன் எங்க இருந்தான்? என் இடது காலு கிளச்சை மிதிக்காது. இந்த மலாக்காவுல நான் ஓட்டக்கூடிய வண்டி இது ஒண்ணுதான். இதுலதான் பசாருக்குக் காய்கறி போகுது, இதுலதான் என் வீட்டுல அடுப்பெரியுது. இதுக்குப் பேரு நொண்டியா?

கருணாகரன்: விடுங்கண்ணே...

பொன்னுதுரை: எப்படி விடுறது? இந்த வருசம் அவன் மச்சானோட மரம் ஏத்துற லோரி தேர் இழுக்குமாம். இந்த மாசக் கடைசியில மெர்டேக்கா, நாட்டுக்கே சுதந்திரம், ஊரெல்லாம் கொடி தைக்குறாங்க... நம்ம அம்மன் மட்டும் மர லோரிக்குப் பின்னால போகணுமா?

கருணாகரன்: சாயங்காலம் அவரே வண்டியைப் பார்க்க வர்றாராமே.

பொன்னுதுரை: வரட்டும். கோயிலை ஒரு சுத்து சுத்திக் காட்டுறேன். சாவியைக் குடு.

கருணாகரன்: இருங்கண்ணே, குழாய் எங்கயாவது ஒழுகுதான்னு...

பொன்னுதுரை: நான் குனிஞ்சு பார்த்துட்டேன், ஒழுகல. ஆமா, சக்கரத்தை ஏன் கழட்டி மாட்டியிருக்க? பிரேக்கு எல்லாம் புதுசா இருக்கு?

கருணாகரன்: அது... தேஞ்சிருந்துச்சு. மாத்திட்டேன்.

பொன்னுதுரை: தேயாம? வீட்டுக்கு வீடு அர்ச்சனைத் தட்டு. வீட்டுக்கு வீடு நிக்கணும்.

கருணாகரன்: ஆமாண்ணே. அதான்.

சீதா: உங்க சத்தம் உஜோங் பாசிர் வரைக்கும் கேக்குது. இந்தாங்க கோப்பி. கருணா, உனக்கும்.

பொன்னுதுரை: பாரு சீதா, இவன் பண்ணியிருக்குற வேலையை! என் வண்டியை ஐஸ்பெட்டி ஆக்கிட்டான்!

சீதா: நல்லாத்தான் இருக்கு. ஏன் கருணா, நான் சொன்னதையும் போட்டுட்டியா?

கருணாகரன்: போட்டாச்சு அண்ணி.

பொன்னுதுரை: நீ என்ன சொன்ன?

சீதா: ஹாரன்... ஹாரன் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். காலங்காத்தால நீங்க பசாருக்குக் கிளம்புனா தெருவே முழிச்சுக்குது.

பொன்னுதுரை: வாசல்ல நின்னு என் ஹாரனைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கியா?

சீதா: வாசல்ல நின்னா எல்லாந்தான் தெரியுது. நான் வர்றேன், அடுப்புல சோறு. கருணா... மறந்துடாத.

கருணாகரன்: சரி அண்ணி.

பொன்னுதுரை: என்னத்தை மறக்கக்கூடாது?

கருணாகரன்: டம்ளரை. திருப்பிக் குடுக்கணுமாம்.

பொன்னுதுரை: ஒரு டம்ளருக்கு இவ்வளவா... சரி தள்ளு, ஏறி உட்கார்றேன். அப்பாடா... டேய்!

கருணாகரன்: என்னண்ணே?

பொன்னுதுரை: பிரேக்குக்கு இடது பக்கம் என்ன இது, இரும்புத் தகடு? வேலி போட்ட மாதிரி?

கருணாகரன்: அது... எண்ணெய்க் குழாய்க்குத் தாங்கு.

பொன்னுதுரை: குழாய் வெளிய, அடியில போகுது. இங்க எங்கடா வந்துச்சு?

கருணாகரன்: இல்லண்ணே, ஆடாம இருக்க...

பொன்னுதுரை: பொய் சொல்லாத! நீயும் என்னை நொண்டின்னு முடிவு பண்ணிட்ட, இல்ல? தம்பிராஜா வாயால சொன்னான், நீ இரும்புல அடிச்சு வச்சிருக்க!

கருணாகரன்: கத்தாதீங்கண்ணே.

பொன்னுதுரை: கத்துவேன்! பிரேக்கை எதுக்கு மாத்தின? நிசத்தைச் சொல்லு!

கருணாகரன்: ...கருகிப் போயிருந்துச்சு. நாலு சக்கரத்துலயும். நின்னு நின்னு போனா தேயும் அண்ணே, கருகாது. மிதிச்சுக்கிட்டே ஓட்டினாத்தான் கருகும். கியர் எண்ணெய் கொதிச்சதும் அதனாலதான்.

பொன்னுதுரை: ...அப்ப இந்தச் சுருள்?

கருணாகரன்: அதுவும் வேணும். தேர் இழுக்குற வண்டியாச்சே. ஆனா அது மட்டும் போதாது.

பொன்னுதுரை: இடது காலு மரத்துப் போச்சுடா. முழங்காலுக்குக் கீழ ஒண்ணும் தெரியல. பிரேக்கு மேல கிடக்குதா, பக்கத்துல கிடக்குதா... குனிஞ்சு பார்த்தாத்தான் எனக்கே தெரியும்.

கருணாகரன்: எப்பலேர்ந்து?

பொன்னுதுரை: போன வருசத் தேருக்கு முன்னாலேயே.

கருணாகரன்: இத்தனை நாளா யார்கிட்டயும்...

பொன்னுதுரை: தம்பிராஜாவுக்குத் தெரிஞ்சாக்கூடப் போகுது. சீதாவுக்குத் தெரியக்கூடாது கருணா. தெரிஞ்சா வண்டியைத் தொடவே விடமாட்டா. சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு.

கருணாகரன்: அந்தக் காலு பிரேக்கு மேல போகாம இருக்கத் தகட்டைப் போடச் சொன்னதே அண்ணிதான். நீங்க பசாருக்குப் போறப்ப பின்னால பிரேக்கு லைட்டு சிவப்பா எரியுறது தெருமுனை வரைக்கும் அணையுறதே இல்லையாம். தினமும் வாசல்ல நின்னு பார்த்திருக்காங்க. அவரா வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் குடுக்காதேன்னாங்க... இந்தாங்கண்ணே, சாவி.