நூற்றில் பத்து

தேநீர் ஆறிவிட்டது, பரவாயில்லை. கையில் வாங்கிவிட்ட கோப்பையைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. என் முதல் ஆராய்ச்சியே அதைப் பற்றித்தான். வகுப்பில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு கோப்பை கொடுத்தேன், மீதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் வாங்கத் தருவதாகச் சொன்ன விலையைப் போல இரண்டு மடங்கு. அதே கோப்பைதான். மனிதர்கள் வாங்கும்போதும் விற்கும்போதும் முடிவெடுக்கும்போதும் எங்கெங்கே சறுக்குகிறார்கள் என்று பார்ப்பது என் தொழில். இருபது வருடமாக எனக்குச் சோறு போட்டது அதுதான்.

வீட்டில் அதற்குக் கிடைத்த மரியாதை 'கோப்பை டாக்டர்' என்கிற பட்டம். வைத்தவன் அண்ணன். என்னைவிட மூன்று வயது மூத்தவன், மெத்தையும் சோபாவும் விற்கும் கடை வைத்திருந்தான். வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், ஆரம்பித்துவிடுவான்.

"வந்துட்டாருப்பா கோப்பை டாக்டர். தம்பி, நீ பத்து வருஷம் படிச்சுக் கண்டுபிடிச்சதை நான் ஒரு ஸ்கெட்ச் பேனாவுல பண்றேன்டா. பெரிய விலையா எழுதி, அதை அடிச்சுட்டு, கீழ சின்ன விலை போட்டா கூட்டம் அள்ளுது. இதுக்கு ஒரு பட்டமா?"

எல்லாரும் சிரிப்பார்கள். அண்ணி சிரித்துக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி பரிமாறுவார். நானும் சிரிப்பேன். அவன் சொன்னது சரிதான், அதனால்தான் வலித்தது. ஆனால் அதோடு விடமாட்டான். "ஏமாறுறவன் ஏமாறுவான். என்கிட்ட உன் வித்தை பலிக்காது" என்று முடிப்பான். அந்த வரியைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். யாரும் விதிவிலக்கில்லை என்பது எங்கள் துறையின் அடிப்படை. சோபா விற்கிறவன் மட்டும் எப்படித் தப்பிப்பான்?

இருந்தாலும் அவனை எனக்குப் பிடிக்கும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் அவனுக்கு வீங்கியிருந்தது, மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அறுவை சிகிச்சை செய்தால் நூற்றில் தொண்ணூறு பேர் பிழைக்கிறார்கள், பத்துப் பேர் இறந்துவிடுகிறார்கள். செய்யாவிட்டால் குழாய் என்றாவது வெடிக்கும், அதன்பின் வைத்தியம் கிடையாது. அறுவை மருத்துவர் அவசரத்தில் இருந்தார். கட்டிலருகே நின்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு, என்னை நடைபாதைக்கு அழைத்து எண்களைக் கொடுத்தார். "நீங்க படிச்சவர், அவருக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர். அதே வீக்கம், அதே மருத்துவர், ஏறக்குறைய அதே வயது. அவர் மனைவி என் பின்னாலேயே வந்தார்.

"சார், எங்க வீட்டுக்காரருக்கும் அதேதானாம். டாக்டர் பேசறது ஒண்ணும் விளங்கல. அவருக்கும் நீங்களே சொல்லுங்களேன்."

அந்த நிமிஷம் எனக்குப் புல்லரித்தது, மறைக்கவில்லை. ஒரே கணக்கை 'தொண்ணூறு பேர் பிழைக்கிறார்கள்' என்றால் மனிதன் தலையாட்டுகிறான், 'பத்துப் பேர் சாகிறார்கள்' என்றால் பின்வாங்குகிறான். இதைக் கற்பனைக் கேள்விகளாகக் காகிதத்தில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறோம். காகிதத்தில் டிக் அடிப்பது வேறு, சொந்த நெஞ்சைக் கிழிக்கக் கையெழுத்துப் போடுவது வேறு. இங்கே நிஜமாக இரண்டு பேர் படுத்திருந்தார்கள். ஆளுக்கொரு வாக்கியம் போதும். இரண்டும் உண்மை. நான் பொய் சொல்லவில்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

யாருக்கு எந்த வாக்கியம் என்பதை ஆராய்ச்சி செய்கிறவன் தீர்மானிக்கக் கூடாது. அவனுடைய விருப்பு வெறுப்பு உள்ளே நுழைந்துவிடும். அதனால் மாடிப்படியில் நின்று நாணயம் சுண்டினேன். தலை விழுந்தால் அண்ணனுக்குத் தொண்ணூறு, பூ விழுந்தால் பத்து. அண்ணனுக்குப் பத்து வந்தது.

கண்டக்டரிடம் முதலில் சொன்னேன்.

"தொண்ணூறு பேர் பொழைக்கிறாங்களா? அப்புறம் என்ன யோசனை? பேனா எங்க?" என்றார்.

அண்ணனிடம், "நூத்துக்குப் பத்து பேர் செத்துப் போயிடறாங்கண்ணே" என்றேன்.

அவன் கூரையைப் பார்த்தான். "பத்து பேரா? ஞாயித்துக்கிழமை கடைக்கு நூறு பேர் வர்றாங்கடா. அதுல பத்து பேர்னா..." விரலை மடக்கி எண்ணினான், ஏதோ முகங்கள் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு என் கையைப் பிடித்தான். "வேற ஏதாச்சும் இருக்கா தம்பி? விளையாட்டுக்கு ஆயிரம் சொல்வேன், உன் படிப்பு எனக்குத் தெரியாதா? நீ என்ன சொல்றியோ அதான்."

இருபது வருடத்தில் அன்றுதான் என் படிப்பைப் படிப்பு என்று சொன்னான். சந்தோஷமாக இருந்தது. ஆனால் வாக்கியத்தோடு எதையும் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் சோதனை கெட்டுவிடும்.

"இல்லண்ணே, அவ்வளவுதான்" என்றேன்.

மறுநாள் காலை அண்ணன் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். கண்டக்டருக்கு அறுவை சிகிச்சை நடந்தது, பிழைத்தார். மருத்துவமனையிலிருந்து அண்ணனை இரண்டு தடவை போனில் கூப்பிட்டார்கள். "தம்பி எல்லாத்தையும் விளக்கிட்டான்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

நாற்பத்தோரு நாள் இருந்தான். அத்தனை நாளும் வாயைத் திறக்கவில்லையா என்று நீங்கள் கேட்பது நியாயம். பாதியில் சொன்னால் முடிவுக்கு மதிப்பில்லை. அந்த நாட்களில் பாதி அவன் வீட்டில்தான் சாப்பிட்டேன். கடையில் ஒரு சோபாவின் விலையை அடித்துக்கொண்டிருந்தபோது விழுந்தான். பெரிய விலையை அடித்திருந்தான், சின்ன விலையை எழுதியிருக்கவில்லை. கண்டக்டர் ஒரு பை ஆப்பிளோடு என் வீட்டுக்கு வந்து, நன்றி சொல்லி அழுதுவிட்டுப் போனார்.

இந்தச் சோதனையை எழுதி வைத்திருந்த என் குறிப்பேட்டை அண்ணன் வீட்டில் மறந்து வைத்துவிட்டேன். அண்ணி படித்திருக்கிறார். அவர் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்தது சரிதான். 'கொன்னுட்டான்' என்று அவர் சொன்னாராம். நான் மறுக்கவில்லை, அந்த வாக்கியத்தைத் தெரிந்தேதான் சொன்னேன். ஆனால் பகையால் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள். நாணயம் யாரையும் பகைப்பதில்லை.

எத்தனை தடவை சுண்டினேன் என்று கேட்கிறீர்கள். குறிப்பேட்டில் அது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதல் தடவை அண்ணனுக்குத் தொண்ணூறு விழுந்தது. படியில் பட்டுத் தெறித்த மாதிரி இருந்தது, கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாவது தடவையும் தொண்ணூறு, அப்போது கை வியர்த்திருந்தது. மூன்றாவது தடவைதான் சரியாக விழுந்தது.