கிளச் கால்

உங்கள் பொலிஸ் வளவின் மூலையில் நிற்கிற அந்த வெள்ளை வான் வண்டிக்குள் ஒரு பப்பாசி முளைத்து, உடைந்த கண்ணாடியால் வெளியே வந்திருக்கிறது, சேர். காய்கூடப் பிடித்திருக்கிறது. உள்ளே வர முன்னம் கொஞ்ச நேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாசலில் நின்ற பொலிஸ்காரத் தம்பியைக் கேட்டேன். ஏதோ பழைய வழக்கின் தடயமாம், வழக்கு முடியும்வரை ஒருவரும் தொட ஏலாதாம். பக்கத்தில் ஒரு ஓட்டோ, ரயர்கள் மண்ணுக்குள் புதைந்து, கொடி படர்ந்து கிடக்கிறது. அவற்றுக்கு நடுவில் என் மகனின் நீலக் கார் மட்டும் இன்னும் மினுங்கிக்கொண்டு நிற்கிறது.

வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போங்கள் என்று காலையில் போன் எடுத்துச் சொன்னீர்கள். விபத்துத்தானே, உங்கள் மகனே அப்படித்தான் சொல்லியிருக்கிறார், இனி வழக்கு என்று ஒன்றும் வராது என்றும் சொன்னீர்கள். நல்ல மனதோடு சொன்னீர்கள், அது எனக்கு விளங்கியது. கையெழுத்துக்கு முன்னம் நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. தேத்தண்ணி வேண்டாம், எனக்குச் சீனி வருத்தம்.

அன்புவழிபுரத்தில் பாக்கியரத்தினம் என்றால் லொறிக்காரப் பாக்கியம் என்றுதான் தெரியும். துறைமுகப் பக்கமிருந்து கோதுமை மா மூட்டை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓடிய ஆள் நான். சண்டை நாளில், சோதனைச் சாவடிக்குச் சாவடி எல்லா மூட்டையையும் இறக்கி ஏற்ற வேண்டியிருந்த காலத்திலும் ஓடினேன். ஒரு நாயைக்கூட அடித்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வாகனத்தில் என் கால் என்ன செய்கிறது என்பது எனக்கு எப்போதும் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு இரண்டு பெடியன்கள். மூத்தவன் இராகுலன் கப்பல்துறை வளைவில் மோட்டார் சைக்கிளோடு போனான். ஆஸ்பத்திரியில் முகத்தைக் காட்டவில்லை, செருப்பைத்தான் காட்டினார்கள். ஓம், என்ரை பிள்ளையின்ரைதான் என்று செருப்பைப் பார்த்துச் சொன்னேன். அதற்குப் பிறகு எங்களுக்கு மிஞ்சியது வினோதன் ஒருவன்தான். என்னுடைய கதையில் நீங்கள் விளங்க வேண்டியது இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வரும்.

வினோதன் கப்பலில் வேலை செய்தவன். கப்பலில் இருக்கும்வரை நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன். பிறகு ஊரோடு இருக்கப் போகிறேன் என்று வந்து இறங்கினான். கமலாதேவி, என் மனைவி, சந்தோஷத்தில் அழுதாள். வந்த கையோடு அந்த இரண்டு கதவு யப்பான் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் விட்டான். டேர்போ பூட்டிய என்ஜின், தானாக மாறுகிற கியர், கிளச் இல்லை. நிற்கும்போது பூனை மாதிரி நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் உட்துறைமுக வீதியில் காரை நிறுத்துவான். கூட்டாளிமார் போனைத் தூக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் நிற்பார்கள். கார் அசையாமல் நின்று உறுமும், முன்பக்கம் குனியும், பிறகு அதைக் காணக் கிடைக்காது. இந்த ஊர் மான்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பஸ் ஹோர்ன் அடித்தாலும் நடுவீதியில் படுத்திருக்கிற மான்கள். அதுகள்கூட எழும்பி ஓடின.

நான் கெஞ்சினேன். கார்த் திறப்பை அரிசி வாளிக்குள் ஒளித்தேன், அவனிடம் இன்னொரு திறப்பு இருந்தது. சாப்பிட மாட்டேன் என்று குந்தினேன், அவன் சோற்றைப் பிசைந்து வந்து எனக்குத் தீத்தினான். கமலாதேவி வெருகல் முருகனுக்கு நேர்த்தி வைத்தாள். கூட்டாளிமாரின் தகப்பன்மாரிடம் போய்க் கதைத்தேன், அவர்கள் தங்கள் போனில் அவனுடைய படத்தை எனக்கே போட்டுக் காட்டினார்கள். அவன் கெட்ட பிள்ளை இல்லை சேர். என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டு கேட்பான், பிறகு காரை எடுத்துக்கொண்டு போவான். சிரிக்கிற பிள்ளையை என்ன செய்வது. கையாலாகாத மனிசனாக வாசலில் நின்று, அந்தச் சத்தம் திரும்பி வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் போட்டி வந்தது. தெற்குப் பக்கம் எங்கோ ஒரு நேர்ப்பாதை. இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நின்று, விளக்கு மாறியதும் பாய வேண்டும். அதற்குப் பிறகு இன்னொரு போட்டி, அதற்குப் பிறகு இன்னொன்று என்று அவனிடம் திட்டம் இருந்தது. நானும் திட்டம் போட வேண்டியதாயிற்று.

எங்கள் ஒழுங்கையில் கண்ணிவெடியில் ஒரு கால் போன மனிசர் ஒருவர் இருக்கிறார். சண்டை நாளில் அவரோடு திரிந்த பெடியன்கள் ஒருவரும் இன்று இல்லை. இவர் மட்டும் இருக்கிறார். பின்னேரத்தில் கதிரையைப் போட்டுக் கடதாசி விளையாடுகிறார், பேரப்பிள்ளைகள் மடியில் ஏறுகின்றன. நான் அவரைக் கனநாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய தாய் தன் பிள்ளைக்கு முன்னம் கண்ணை மூடினாள். எல்லாத் தாய்க்கும் அது வாய்க்கவில்லை.

காரைப் பாய விடுவது எப்படி என்று எனக்கும் பழக்கடா என்று வினோதனிடம் கேட்டேன். அவனுடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுத்த நாள் விடியவே என்னைச் சாம்பல்தீவுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"அப்பா, இடது காலால பிரேக்க நல்லா அமத்துங்கோ. எடுக்கப்படாது. இனி வலது காலால மெல்ல மெல்ல எக்சிலேட்டரக் குடுங்கோ."

"ரெண்டையும் ஒரே நேரத்தில மிதிக்கிறதோ? என்னடா விசர்க்கதை."

"அதுதானப்பா விஷயமே. டேர்போக்குக் காத்துச் சேரோணும். சேராம வெளிக்கிட்டா நித்திரையால எழும்பின மாதிரித்தான் போகும். மீற்றரில இந்த முள்ளப் பாருங்கோ, ஏறுதெல்லோ? கனநேரம் பிடிக்கவும் ஏலாது, கியர்ப்பெட்டி எண்ணெய் கொதிச்சிடும். முள்ளு இந்த இடத்துக்கு வந்த உடன இடது கால எடுங்கோ."

எடுத்தேன். கார் ஒரு தள்ளாட்டத்தோடு மெல்ல நகர்ந்தது. அவன் கதவில் அடித்து அடித்துச் சிரித்தான்.

"ஐயோ அப்பா, இது கிளச் இல்ல! கோழிக்குஞ்ச நிலத்தில விடுற மாதிரி விடுறீங்கள். நெருப்பு பட்டா கால எப்பிடி எடுப்பீங்கள்? அப்பிடி எடுங்கோ."

கனதரம் பிழைத்தது. பாதி வாழ்க்கையாக அந்தக் காலை மெல்ல எடுக்கப் பழகியவன் நான். மூட்டை ஏற்றிய லொறியில் கிளச்சை வெடுக்கென்று விட்டால் அச்சு முறியும், மா வீதியில் கொட்டும். வெயில் ஏறும் நேரத்தில் ஒருதரம் சரியாக வந்தது. முதுகு சீற்றில் ஒட்டிக்கொண்டது, வயிறு பின்னால் போனது. வினோதன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எங்கட அப்பா சிங்கம்!" என்று கத்தினான். எனக்கும் அது பிடித்திருந்தது சேர், அதை மறைக்கக்கூடாது. திரும்பி வரும்போது கடையில் அப்பமும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். அவனோடு அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு நினைவில்லை.

போட்டிக்குப் போக முன்னம் காருக்கு ஒரு பூசை செய்ய வேண்டும் என்று கமலாதேவி சொன்னாள். நான்தான் அவளைச் சொல்ல வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை, எங்கள் பிள்ளையார் கோயில் வாசல். ஐயர் பொனட்டில் திருநீறும் சந்தனமும் பூசி, மாலை போட்டு, தீபம் காட்டினார். இனிச் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, வீட்டுக்குப் பெரியவர் ஏறி அதை நசித்துக்கொண்டு வெளிக்கிட வேண்டும். அது வழமை, உங்களுக்கும் தெரியும். நான் ஏறி இருந்தேன். கமலாதேவி தட்டத்தோடு ஓரமாக நின்றாள்.

வினோதன் பின்சில்லுகளுக்கு வைத்துவிட்டு முன்னுக்கு வந்தான். "அப்பா, பிரேக்க அமத்திப் பிடியுங்கோ" என்றான். பிடித்தேன். வலது பக்கச் சில்லுக்கு வைத்தான். அப்போது நான் வலது காலைக் கொடுக்கத் தொடங்கினேன். என்ஜின் சத்தம் ஏற, அவன் நிமிர்ந்து கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துச் சிரித்தான். அப்பா படம் காட்டுகிறார் என்று நினைத்திருப்பான். பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு இடது பக்கச் சில்லுக்குக் குந்தினான். தேசிக்காய் உருண்டு பம்பருக்குக் கீழே போனது. அதை எடுக்க நிலத்தில் இருந்து, ஒரு காலைச் சில்லுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, கையைக் கீழே விட்டான்.

நான் அவனுடைய தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தலை வெளியே இருந்தது. கை வெளியே வரும்வரைக்கும் பொறுத்திருந்தேன். முள்ளும் அந்த இடத்தில்தான் நின்றது. நான் செய்தது ஒன்றே ஒன்று, இடது காலை எடுத்தேன். மற்றதெல்லாம் கார் செய்தது.

ஒரு கால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் காரின் பாய்ச்சலை லொறிக்காரன் சரியாக மதிப்பிடவில்லை. தேங்காய் உடைக்கிற கல்லில் போய் இடித்து நின்றபோது இரண்டு காலும் போயிருந்தது. அதற்காக நான் அழுதேன். கமலாதேவியின் தட்டம் விழுந்த சத்தம் இப்போதும் கேட்கிறது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் உங்கள் ஆட்களிடம் அவன் சொன்னதை நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். அப்பா லொறிக்காரர், கிளச் கால் பழக்கத்தில் பிரேக்கை விட்டிட்டார், கியரை நடுவில் போடாதது என்னுடைய பிழை என்று சொன்னான். இரண்டு காலும் இல்லாமல் கிடந்துகொண்டு என்னைக் காப்பாற்றினான். எல்லாரும் நம்பினார்கள். யோசித்துப் பாருங்கள் சேர். கிளச் பழக்கத்தில் விட்ட கால் மெல்லத்தான் விட்டிருக்கும். கார் தேசிக்காயில் ஏறி ஊர்ந்திருக்கும், பிள்ளை கத்தியிருப்பான், நான் நிறுத்தியிருப்பேன். நெருப்புப் பட்ட மாதிரி எடுக்க எனக்குப் பழக்கியவன் அவன். அவனுக்கு அது தெரியாமலா இருக்கும் என்று சில நேரம் நினைப்பேன். கேட்டதில்லை.

கமலாதேவி என்னோடு கதைப்பதில்லை. சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள். பரவாயில்லை. நான் அவனைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறேன், சீப்பால் தலை இழுத்து விடுகிறேன். பின்னேரத்தில் வாசலில் கதிரையைப் போட்டால் இருக்கிறான். இராத்திரி எட்டிப் பார்த்தால் கட்டிலில் இருக்கிறான். எந்தச் சத்தத்துக்கும் காது கொடுக்கத் தேவையில்லை. நான் நித்திரை கொள்கிறேன்.

போன கிழமை அவன் சிரித்தான். விபத்துக்குப் பிறகு முதல்தரம். என்னைக் கூப்பிட்டுப் போனில் ஒரு படம் காட்டினான். கால் இல்லாத ஒருவர் கார் ஓடுகிறார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு தடி, தள்ளினால் பிரேக், இழுத்தால் எக்சிலேட்டர்.

"கொழும்பில பூட்டிக் குடுக்கிறாங்களாம் அப்பா. ரெண்டு கையும் போதும். நீங்கள் பொலிசில போய்க் காரை மட்டும் எடுத்துக்கொண்டு வாங்கோ."

ஓமடா தம்பி என்றேன். அவன் என் கையைப் பிடித்து முத்தமிட்டான். அதனால்தான் வந்தேன்.

நான் சொன்னதையெல்லாம் இப்போது எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இது விபத்து இல்லை, தெரிந்து செய்தது. என்னை எங்கே வைத்தாலும் சரி. அப்படியென்றால் கார் தடயமாகிவிடும் அல்லவா? வழக்கு முடியும்வரை ஒருவரும் தொட ஏலாது, அந்தத் தம்பி சொன்னார். அந்த வானுக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும், அதற்குள்ளும் ஏதாவது முளைக்கட்டும்.

தயவுசெய்து அதை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள் சேர். நான் அவனுடைய தகப்பன். கொடுத்தால் நான் திரும்பவும் யோசிக்க வேண்டி வரும், அவனுக்கு இன்னும் இரண்டு கைகள் இருக்கின்றன.