பச்சைக் கோடு போட்ட தெரு

இருங்க சார், மேப்புல எங்க தெருவுக்கு மட்டும் ஏன் பச்சைக் கோடு? பச்சைன்னா நல்ல ரோடு, செவப்புன்னா மழைல வண்டி போவாத ரோடுன்னு பக்கத்து வூட்டுல சொன்னீங்களே, கேட்டுக்கினுதான் நின்னேன். செவப்புத் தெருவுல மாசமா இருக்கிற பொண்ணுங்கள மழைக்கு முன்னாடியே ஆஸ்பத்திரில சேத்துப்பாங்கன்னும் சொன்னீங்க. எங்களுக்கும் செவப்பு போடுங்க.

தண்ணியா? பொய் சொல்லக் கூடாது, தண்ணி வராது. மேட்டுத் தெரு. ரெண்டாயிரத்தஞ்சு மழைல ஊரே மெதந்துச்சு, இங்க வாசப்படி நனையல.

சிரிக்காதீங்க சார். எம்பொண்ணு குழலி உள்ளதான் படுத்துக்கினு இருக்கா. தலைப்பிரசவம். ஐப்பசி கடைசின்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க, கொட்டுற மாசம். எனக்குச் சோறு எறங்கல. மழைக்குக் கூட பயமில்ல. மழ விட்ட அன்னிக்குதான் பயம்.

அதுவா, நீங்க வெளியூரு, தெரியாது. பட்டு நூல தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில்ல காய வெக்கணும். அதுதான் பாவு. மழைல போட முடியாது. அந்த வருஷம் வெயிலயே மறந்துட்டோம். ஒரு நாள் காலைல சுள்ளுனு அடிச்சுது பாருங்க, பெரிய ரோட்டு மொனை வரைக்கும் பாவுதான். கால் வெக்க எடமில்ல. கல்யாண வூடு மாதிரி ஒரே கேலி, பேச்சு.

அப்பதான் ஒருத்தருக்கு நெஞ்ச அடைச்சுக்கிச்சு. கண்ணாயிரம் ஆட்டோ வாசல்லயே நின்னுது, தூக்கி வெச்சுட்டாங்க. ஆனா இந்தப் பக்கம் பாவு. அந்தப் பக்கம் வேகவதி ஆறு, தரைப்பாலத்து மேல தண்ணி ஓடுது.

சுருட்ட முடியாது சார். கஞ்சி ஈரத்தோட சுருட்டினா இழையோட இழை ஒட்டிக்கும், குப்பைலதான் போடணும். எதிர்வூட்டு பரசுராமன் கத்திரிய எடுத்துக்கினு ஓடியாந்தாரு. என்னுத மொதல்ல அறுங்கன்னு ஒவ்வொருத்தரும் சொன்னாங்க, யாரயும் கொற சொல்லமாட்டேன். ஆட்டோல இருந்தவருதான் கைய நீட்டித் தடுத்தாரு. அறுக்காதீங்கப்பா, பாலத்துல முட்டிக்குக் கீழதான் தண்ணி, சுத்திப் போயிடலாம்னு.

பாலத்து நடுவுல ஆட்டோ நின்னுபோச்சு. தள்ளிக் கரையேத்தறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.

எங்க ஜனத்துக்கு தனக்காக அடுத்தவங்க பாவ அறுன்னு சொல்ல வாய் வராது சார். நாளைக்கு வலி எடுத்தா இவளும் சுத்திப் போலாம்னுதான் சொல்லுவா. பிடிவாதத்துல அப்படியே அவங்கப்பா.

ஆமா சார், எங்க வூட்டுக்காரருதான். என் மடிலதான் தலைய வெச்சுக்கினு இருந்தாரு.

அட, டீ ஆறுது, குடிங்க. அந்தச் செவப்புப் பேனாவ மட்டும் எடுங்க.

அன்னிக்குத் தெருவுல மொதப் பாவு எங்களுதுதான். அவரே கட்டினது. காரியம் முடிஞ்சு நானும் குழலியும் தறில ஏத்தி நெய்ஞ்சோம். நல்லாக் காஞ்ச பாவு சார். ஒரு இழ கூட அறுந்திருக்கல.