முதுகில் பதிந்த வட்டங்கள்

— தோள் எப்போ இருந்து வலிக்குதுன்னுதான் கேட்டேன், பெய்ஜூ அக்கா. நீங்க உங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லிட்டிருக்கீங்க.

— ரெண்டும் ஒண்ணுதான் டாக்டர் நிங். விடியறதுக்குள்ள மாவு பிசையறது நான், எண்ணெய்ச் சட்டி முன்னாடி நிக்கிறது அவரு. அப்படித்தான் எங்க கடை ஓடிச்சு. இப்போ மத்தியானம் ஆனா மனுஷன் குடையை எடுத்துட்டுக் கிளம்பிடறாரு. ரெண்டு ஆள் வேலையும் என் தோள்லதான்.

— சரி, குப்புறப் படுங்க. முகத்தை அந்த ஓட்டையில வெச்சுக்குங்க, மூச்சு முட்டாது. முதல்ல கணுக்கால்ல ஒரு ஊசி.

— வலி தோள்ல, ஊசி கணுக்கால்லயா? பக்கத்து வீடு பத்தி எரிஞ்சா நம்ம கூரையில தண்ணி ஊத்தற கதையா இருக்கே.

— உடம்புக்குள்ள ஓடற ஓடை ஒண்ணுதான் அக்கா. மேல அடைச்சிருந்தா கீழ திறந்து விடறோம். ஊசி இறங்கிடுச்சு. கனமா இருக்கா?

— மரத்துப்போன மாதிரி கனக்குது.

— அப்படித்தான் இருக்கணும். இனி அசையாதீங்க. இப்போ தோள்ல கிண்ணம் வெக்கணும், உள்ள நெருப்பு காட்டிக் கவுத்தா தோலைக் கவ்விப் பிடிச்சு வலியை இழுக்கும்.

— ஆங், அந்தக் கிண்ணத்தைப் பத்தித்தான். சும்மா கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. ஒரு ஆள் தன் முதுகுல தானே கிண்ணம் வெச்சுக்க முடியுமா?

— கை எட்டாதே.

— எட்டாதுல்ல? நேத்து அவரு சட்டை மாத்தும்போது பாத்தேன். முதுகு பூரா வட்டம், கன்னிப்போன பிளம் பழம் மாதிரி. என்னன்னு கேட்டா, பாலத்தடியில சதுரங்கம் ஆடும்போது கைப்பிடிக் கம்பியில சாஞ்சதுன்னாரு. கம்பி எந்த ஊர்ல வட்ட வட்டமா பதியும்?

— நீங்க அதை அவர்கிட்டயே கேட்டிருக்கலாம்.

— கேட்டா இன்னொரு பொய் வரும். பிளம் பழுக்கற மழை பிடிச்ச நாள்ல இருந்து பாலத்தடியில தண்ணி. அங்க சதுரங்கப் பலகை கொண்டு வர்ற கிழவரே என் கடைக்கு வந்து, உங்க வீட்டுக்காரர் ஷென்னை ஏன் கண்ணுல காணோம்னு என்னைக் கேட்டாரு. மனுஷன் சட்டையில வேற, வைத்தியத்துக்கு எரிப்பாங்களே, அந்த மாசிபத்திரிப் புகை வாசம். அதான் இன்னைக்குப் பின்னாலயே வந்தேன். நேரா உங்க வாசல்ல நுழைஞ்சாரு. எதிர்ல உப்புக்கீரை விக்கிற கடையில நின்னு பாத்துட்டே இருந்தேன். வெளிய வரும்போது சிரிச்சுக்கிட்டே வர்றாரு டாக்டர். அவரு சிரிச்சு நான் எந்தக் காலத்துல பாத்தேன்?

— அப்போ தோள் வலின்னு வந்தது?

— தோளும் வலிக்குது. நான் பொய் சொல்றவ இல்ல.

— நெருப்பு சூடு அதிகமா தெரியுதா?

— இல்ல, பதமா இருக்கு. சட்டுனு கவ்வுது, ஆனா சுடல. நல்ல கைதான். பேச்சை மட்டும் மாத்தாதீங்க. அவரு முதுகுல ஒரு வட்டம் சரியா முதுகெலும்பு மேல பதிஞ்சிருக்கு. இன்னொண்ணு கொப்புளிச்சு ஆறின தழும்பு. இத்தனை வருஷமா இதே தொழில்ல இருக்கறவங்க எலும்பு மேல கிண்ணம் வெப்பாங்களா? அது உங்க கை இல்ல. வேற எந்தப் பொம்பளை வெச்சா?

— இங்க ஒரு பொண்ணு தொழில் கத்துக்கறா.

— பொண்ணா.

— கத்துக்கறவளுக்கு முதுகு காட்ட எந்த நோயாளியும் ஒத்துக்க மாட்டாங்க அக்கா. உங்க வீட்டுக்காரர்தான் தானா வந்து, என் முதுகுல பழகிக்கட்டும்னாரு. முதல் தடவையே சுட்டுட்டா. நான் அவளைத் திட்டப்போனேன். திட்டாதீங்க, கை பயந்துடும்னு என்னைத் தடுத்தாரு.

— சுட்டவளைத் திட்டக் கூடாதாமா? என்கிட்ட சோயாப்பால்ல உப்பு ஒரு சிட்டிகை கூடினா நாள் முழுக்க முணுமுணுப்பாரு. அவளுக்கு இவரு யாரு?

— நீங்களே யோசிங்க.

— என்ன யோசிக்க?

— சுட்டாலும் பரவாயில்லன்னு தன் முதுகை யாருக்காகக் கொடுப்பாரு?

— என் மக யாச்சினா?

— ஆமா.

— யாச்சின் ஹாங்சோ நகரத்துல கணக்கு ஆபீஸ்ல இருக்கா.

— இருந்தா. புத்தாண்டுக்கு வந்தப்போ அந்த வேலை வேண்டாம், ஊசி வைத்தியம் கத்துக்கப்போறேன்னு உங்ககிட்ட சொன்னாளாமே. நீங்க வாசப்படி மிதிக்காதேன்னுட்டீங்களாம். அங்க இருந்து நேரா இங்கதான் வந்தா.

— அப்போ இந்த ஊருக்குள்ளயேதான் இருந்திருக்கா. அப்பனும் மகளும் நீங்களுமா சேர்ந்து என்னைக் கண்ணைக் கட்டி உக்கார வெச்சிருக்கீங்க. மாவு பிசைஞ்சு பிசைஞ்சு கை காய்ச்சுப்போய் அவளைப் படிக்க வெச்சேன். அதெல்லாம் அவ ஊரான் வேர்வை முதுகைத் தேய்க்கவா?

— அசையாதீங்க, கால்ல ஊசி இருக்கு. கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க.

— யாரு கேக்கப்போறா? இந்த மழைச் சத்தத்துல எனக்கே என் பேச்சு கேக்கல. தீக்குச்சி கிழிக்கவே பயந்து அழுத பொண்ணு டாக்டர் அது. அடுப்பைப் பத்தவைன்னா வாசலுக்கு ஓடிடும். அதுகிட்டப் போய் நெருப்பைக் கொடுத்திருக்கீங்க. பெத்த அப்பனையே சுட்டிருக்கா.

— இப்போ அந்தப் பயம் போயிடுச்சு.

— என்ன, என் தோள்ல வெச்ச கை நடுங்குது?

— நடுங்கத்தான் செய்யும்.

— நான் கத்தினதுலயா? சரி, மனசுல வெச்சுக்காதீங்க. சும்மா கேக்கறேன், அவ சாப்பிடறாளா?

— மத்தியானம் என்னோடதான். காலையில உங்க கடையில பொரிச்ச மாவுக்குச்சியை அவங்க அப்பா பொட்டலம் கட்டிக் கொண்டு வருவாரு. கஞ்சியில நனைச்சுத் தின்பா.

— ஆறினதையா? ஆறினா செருப்புத்தோல் மாதிரி இருக்குமே அது. அந்த மனுஷனுக்கு அறிவே கிடையாது. என்கிட்ட சொல்லியிருந்தா சூடா கொடுத்துவிட்டிருக்க மாட்டேனா?

— மாட்டீங்கன்னு ரெண்டு பேரும் நினைச்சாங்க.

— கோபத்துல ஒரு வார்த்தை சொன்னேன். வாசப்படின்னா, எதிர்ல வந்தே நிக்கக் கூடாதுன்னு அர்த்தமா? வந்து நின்னா கடிச்சா தின்னுடுவேன்? இத்தனை நாளா வேற எவளோன்னு நினைச்சு நினைச்சு எனக்கு ராத்தூக்கம் போச்சு.

— வந்து நிக்கச் சொல்லட்டுமா?

— இப்போ வேண்டாம். முதுகுல கிண்ணமும் கண்ணுல தண்ணியுமா என்னை அவ பாக்க வேண்டாம். முதல்ல இதெல்லாம் எடுங்க. இருங்க, இருங்க. அந்தக் கையை மட்டும் எடுக்காதீங்க. சரியா அந்த முடிச்சுலதான் பிடிச்சிருக்கீங்க. இன்னும் கொஞ்சம் அழுத்துங்க.

— நான் கணுக்கால் ஊசியைப் பிடிச்சபடி உங்க கால்மாட்டுலயேதான் உக்காந்திருக்கேன், பெய்ஜூ அக்கா. உங்க தோள்ல இருக்கற கை என்னுது இல்ல.