ஏழு மணிக் கஞ்சி

கையாலை எழுதினா என்ரை எழுத்து எனக்கே விளங்காது, தங்கச்சி. அதாலை ரைப் பண்ணித் தாறன். உங்கடை கீபோட்டிலை பாதி எழுத்துத் தேய்ஞ்சு போச்சு, ஆனா பரவாயில்லை, என்ரை விரலுக்கு இடம் தெரியும். கூட்டுறவுச் சங்கத்திலை முப்பத்தொரு வருசம் ரைப்பிஸ்ராக இருந்தனான். நீங்கள் கேட்டுக் கேட்டு எழுதினா ரெண்டு பேருக்கும் அலுப்பு. நீங்கள் இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ.

பேர் குணலட்சுமி. வயசு அறுபத்தெட்டு. மனுசன் செத்து எட்டு வருசம். மகள் வவுனியாவிலை, ரெண்டு பேரப்பிள்ளையள். சின்னவன் நடக்கத் துவங்கினதை நான் போனிலைதான் பாத்தது. ஏனெண்டா போன வருசம் தையிலை இருந்து நான் உரும்பிராயிலை அக்காவோடை.

அக்காவுக்குப் பாரிசவாதம். வலப்பக்கம் முழுக்க விழுந்திட்டுது, கதையும் நிண்டிட்டுது. இடக்கை மட்டும் வேலை செய்யும். காதும் புத்தியும் நல்ல தெளிவு. அவவின்ரை மகன் செந்தூரன் கனடாவிலை, மகள் பிரசாந்தி லண்டனிலை. ரெண்டு பேரும் வந்து ரெண்டு கிழமை நிண்டவை. போகேக்கை பிரசாந்தி என்னைக் கட்டிப்பிடிச்சு, "ஆசையம்மா, நீங்கள் இருக்கிறபடியாத்தான் நிம்மதியாப் போறம்" எண்டாள். வேலைக்கு ஒரு ஆளை வைப்பம் எண்டு கேட்டுப் பாத்தன். "அம்மா வெக்கப்படுவா, வேத்தாள் வேண்டாம்" எண்டிட்டாள்.

பிரசாந்தி அங்கை வயோதிபர் இல்லமொண்டிலை வேலை. அவள் ஒரு பட்டியல் எழுதித் தந்தவள். காலமை ஏழுக்குக் கஞ்சி. எட்டுக்கு மருந்து. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பிரட்டிப் படுக்க வைக்கவேணும், இல்லாட்டி முதுகு புண்ணாப் போகும். தண்ணி கரண்டியாலை, கொஞ்சம் கொஞ்சமா. ஒவ்வொண்டும் செய்த உடனை பேஸ்புக்கிலை எங்கடை குடும்பக் குழுவிலை போடவேணும். சொந்தக்காரர் நாப்பத்தொரு பேர் அதுக்குள்ளை.

நான் ரப்பிலை, அந்தச் சிலேட்டு மாதிரிப் பெரிய போனிலை, குறிப்பு எழுதிறதுக்கு ஒரு செயலி வைச்சிருந்தனான். அதிலை எழுதி, பேந்து அதை எடுத்துக் குழுவிலை ஒட்டுறது. ஒரு நாளைக்குப் பதினாலு தரம். அக்காவைக் கழுவின ஈரக் கையோடை அந்தக் கண்ணாடியிலை விரல் வைச்சுப் பாருங்கோ, ஒண்டும் பிடிபடாது.

ஒருநாள் அக்காவுக்கு வயித்தாலை போச்சு. விடியத் துவங்கிப் பொழுதுபடுமட்டும் கழுவினன், சீலை மாத்தினன், உப்புத்தண்ணி பருக்கினன். குழுவிலை ஒண்டும் போடேல்லை. பின்னேரம் பாத்தா பிரசாந்தி எல்லாருக்கும் முன்னாலை எழுதியிருக்கிறாள்: "ஆசையம்மா, பதினொரு மணிக்குப் பிறகு அம்மாவை ஆரும் பாக்கேல்லைப் போலை." அதுக்கு அடுத்த கிழமை எனக்குக் காய்ச்சல். கதிரையிலை இருந்தபடியே பதினாலையும் எழுதிப் போட்டன். பிரட்டினது ரெண்டே தரம். அண்டைக்குப் பதினெட்டுப் பேர் இதயம் போட்டவை. செந்தூரன், "ஆசையம்மா ஒரு தெய்வம்" எண்டான்.

அண்டைக்கு எனக்கு ஒண்டு விளங்கினது, தங்கச்சி. செய்தது அங்கை போய்ச் சேராது. எழுதினதுதான் போய்ச் சேரும்.

அந்தக் குறிப்புச் செயலியையும் பேஸ்புக்கையும் ஒண்டோடை ஒண்டு கொழுவி விடலாம் எண்டு யூரியூப்பிலை பாத்துத்தான் பழகினனான். குறிப்பிலை நாளும் நேரமும் போட்டு விட்டா, அந்த நேரத்துக்குத் தன்பாட்டிலை குழுவிலை போய் ஏறும். மூண்டு நாள் மினக்கெட்டன். பக்கத்து வீட்டு உதயகலா பாத்திட்டு, "அன்ரி, நீங்கள் ஒரு கொம்பனி திறவுங்கோ, நான் வந்து தேத்தண்ணி ஊத்துறன்" எண்டு பகிடி விட்டவ. கன காலத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் சிரிச்சனான்.

முதல்லை நேர்மையாத்தான் செய்தன். அடுத்த நாளுக்கு உரியதை எழுதி வைப்பன், அது ஏறேக்கை ரப் ஒருக்காச் சத்தம் போடும், நான் எழும்பிப் போய் அந்த வேலையைச் செய்வன். பேந்து சத்தம் கேட்டு ஒரு பத்து நிமிசம் பொறுத்துப் போறது. பேந்து சத்தத்தை நிப்பாட்டினன்.

யூன் கடைசியிலை முப்பது நாளுக்கும் சேத்து எழுதினன். ஒரே மாதிரி இருக்கக் கூடாது எண்டு யோசிச்சு யோசிச்சு எழுதினன். ஒருநாள் பால்கஞ்சி, ஒருநாள் இடியப்பத்தோடை சூடைமீன் சொதி, ஒருநாள் "அம்மா என்னைப் பாத்துச் சிரிச்சவ". முப்பது முடியத் திரும்ப முதலிலை இருந்து சுத்திற மாதிரிச் செய்து விட்டன்.

படமும் வேணுமெல்லே. ஒரு காலமை அக்காவை நிமித்தி இருத்தி, பதினைஞ்சு சட்டை மாத்தி மாத்தி எடுத்தன். ஜன்னல் சீலையையும் மாத்தினன், வேறை வேறை நாள் மாதிரி இருக்கட்டும் எண்டு. அக்காவுக்கு விளங்கினது. கடைசிச் சட்டை போடேக்கை கண்ணை மூடிக்கொண்டா. அந்தப் படத்துக்கு "அம்மா நல்ல நித்திரை" எண்டு எழுதினன்.

நீங்கள் மணியைப் பற்றிக் கேட்டனீங்கள். சாமியறை மணிதான். ஏதும் தேவையெண்டா ஆட்டச் சொல்லி செந்தூரன் அவவின்ரை இடக்கையிலை குடுத்திட்டுப் போனது. நல்லூர்க் கந்தன் கோயில் கொடியேத்தத்துக்கு முதல்நாள் வீடு கழுவி, அதை வாங்கிச் சாமியறையிலை திரும்ப வைச்சன். திருவிழாக் காலத்திலை சாமியறை மணியில்லாமல் இருக்கக் கூடாது. அக்கா லேசிலை விடேல்லை. விரலை ஒவ்வொண்டா எடுக்கவேண்டி இருந்தது.

அண்டு பின்னேரம் கடைசியாக் கஞ்சி குடுத்தன். அரைக் கோப்பை. கோப்பையைக் கழுவிக் கவிட்டு வைச்சிட்டு, அறைக் கதவைச் சாத்தினன். புழுதி வாற காத்து, அதாலைதான்.

பேந்து நான் படுத்தன். அப்பிடி ஒரு நித்திரை எனக்குக் கலியாணத்துக்கு முதல் வந்தது. எழும்பி எனக்கு மட்டும் சோறு வைச்சன். ரப்பைப் பாத்தன். ஏழு மணிக்கு அக்கா கஞ்சி குடிச்சிருந்தா. ஒன்பதுக்கு இடப்பக்கம் திரும்பியிருந்தா. பத்துக்குத் தண்ணி. பன்னிரண்டு பேர் இதயம் போட்டிருந்தவை. எல்லாம் சரியாத்தானே நடந்திருக்கு எண்டு மனம் ஆறிச்சுது.

கட்டில் சட்டத்திலை தட்டின சத்தம் கேட்டது. கேக்கேல்லை எண்டு நான் எங்கையும் சொல்லேல்லை. முதல் ரெண்டு நாளும் வேகமாத் தட்டினா. மூண்டாம் நாள் விட்டு விட்டு. நான் ரேடியோவிலை நல்லூர்ப் பூசை போட்டு விட்டன், அக்காவுக்கும் கேக்கட்டும் எண்டு.

ஆறாம் திருவிழாவண்டு செந்தூரன் போன் எடுத்தான்.

"ஆசையம்மா, அம்மா மீன், மச்சம் சாப்பிட்டவவோ?"

"என்ன மகன்?"

"குழுவிலை சூடைமீன் சொதி எண்டு கிடக்கு. நல்லூர் கொடியேறி நிக்குது. சண்டை நேரம் பங்கருக்குள்ளை இருக்கேக்கை கூட இந்த இருபத்தைஞ்சு நாளும் அம்மா மச்சம் தொடேல்லை."

முப்பது நாளையும் யூனிலை எழுதேக்கை, சுத்திச் சுத்தி ஓகஸ்ட்டிலையும் வரும் எண்டதை நான் யோசிக்கேல்லை. உப்பிடிப் பிழை என்ரை முப்பத்தொரு வருசத்திலை ஒண்டு விட்டிருக்க மாட்டன். அலுப்புத்தான் காரணம்.

"டொக்டர் மீன் குடுக்கச் சொன்னவர் மகன்" எண்டன்.

"வீடியோவிலை அம்மாவைக் காட்டுங்கோ."

"நித்திரை."

அவன் போனை வைச்சிட்டான். கொஞ்ச நேரத்திலை உதயகலா வாசலிலை நிண்டா, போன் காதிலை. "அன்ரி, செந்தூரன் அண்ணை லைனிலை நிக்கிறார். பெரியன்ரியை ஒருக்காப் பாக்கட்டாம்" எண்டா. நான் மறிக்கேல்லை. கதவு பூட்டியிருக்கேல்லை, தங்கச்சி, அதை வடிவாக் குறிச்சுக் கொள்ளுங்கோ. சாத்தித்தான் இருந்தது. ஆரும் திறந்திருக்கலாம்.

உதயகலா கத்தினது ஒழுங்கை முடியுமட்டும் கேட்டதாம். அக்கா அதுக்கு முதல்நாள்தான் முடிஞ்சிருக்கிறா எண்டு டொக்டர் சொல்லுறார். இடக்கை விரல்மொளி எல்லாம் காயமாம். ஓம், அது தட்டினதாலைதான். ஓம், தண்ணி குடுக்காமல் விட்டால் என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். பிரசாந்தி அதையும் பட்டியலிலை அடிக்கோடு போட்டு எழுதித்தான் தந்தவள். நான்தான் குடுக்கேல்லை. வேறை ஒருத்தரும் இதிலை இல்லை.

கையெழுத்து எங்கை வைக்கிறது எண்டு காட்டுங்கோ, வைக்கிறன். ஒண்டே ஒண்டு கேக்கிறன். சாட்சிக்கு எண்டு பொலிசிலை எடுத்து வைச்ச அந்த ரப்பிலை ஆரும் கை வைச்சு அதை நிப்பாட்டிப் போடாதேங்கோ. பிரசாந்தி குழுவை இன்னும் மூடேல்லை. நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு அக்காவுக்குப் பால்கஞ்சி. அவவுக்கு அது நல்ல விருப்பம், நான் ஒருநாளும் பிந்த விட்டதில்லை.