குனோங் ராபாட்டில் பெய்த பனி

ஐஸ் போட்ட தேத்தண்ணிக்கு, இந்தத் தே ஐஸுக்கு நன்றி, சார். சீனி கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் ஐஸ் நல்ல ஐஸ். நடுவில் ஓட்டை போட்ட குழாய் ஐஸ், சீக்கிரம் கரையாது. மீன் பெட்டியில் போடுகிற ஐஸ் வேறு ஜாதி. தூள் தூளாக இருக்கும், தரையில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும், பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர் சிந்தியது போலத்தான் தெரியும். தொழில் தெரிந்தவன் பேசுகிறான் என்பது உங்களுக்கு முதலிலேயே புரியட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

என் பெயர் ரூபன். பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே ரப்பரும் இல்லை, நாங்களும் இல்லை. வீடு ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில், மலையடிவாரத் தெருவில். நடுவில் பல குளிர்காலம் கனடாவில் வேலை பார்த்தேன். என்ன வேலை என்று சொன்னதும் உங்கள் கான்ஸ்டபிள் சிரித்தார். பரவாயில்லை, எல்லோரும் சிரிக்கிறார்கள். உப்புத் தூவுகிற வேலை. ஆஸ்பத்திரி வாசல், கடை வாசல், கார் நிறுத்துகிற இடம், எங்கெல்லாம் பனி இறுகித் தரை வழுக்குமோ அங்கெல்லாம் ஜனங்கள் வருவதற்கு முன்னால் போய் உப்புத் தூவ வேண்டும்.

சிரிக்க இதில் ஒன்றும் இல்லை. உப்பு குறைந்தால் ஒருவருடைய இடுப்பு போகும். கூடினால் கால்வாய் வழியாக ஆற்றுக்குப் போய் மீனைக் கொல்லும், மரத்தின் வேரைக் கருக்கிவிடும். அதற்கென்று அங்கே விதிகள் உண்டு, பரீட்சையும் உண்டு. கால்வாய் ஓரத்தில் தூவக்கூடாது. மரத்தடியில் உப்புக்குப் பதில் மணல். மிச்சம் கிடந்தால் கூட்டி அள்ள வேண்டும். நான் அந்தப் பரீட்சையில் தேறியவன். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள். இதோ, இன்றைக்கும் மாட்டித்தான் வந்திருக்கிறேன்.

விசா முடிந்து மலேசியாவுக்குத் திரும்பும்போது உப்புத் தூவுகிற தள்ளுவண்டியையும் கப்பலில் போட்டுக் கொண்டுவந்தேன். என் மனைவி புஷ்பலதா அதில் துணி காயப்போட்டாள். அவளுடைய அண்ணன் அர்ச்சுனன், சித்தியவானிலிருந்து ஈப்போ சந்தைக்கு மீன் லாரி ஓட்டுகிறவர், எங்கள் வீட்டு வாசலில்தான் லாரியை நிறுத்துவார். தீபாவளிக்கு உறவெல்லாம் கூடியிருந்தபோது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மச்சான், ஈப்போவுல பனி பேஞ்சா போன் அடிக்கிறேன்லா, உப்போட ஓடியாங்க," என்றார். பிறகு, இவர் நம்ம குடும்பத்தில் உப்புக்குச் சப்பாணி என்றும் சேர்த்துச் சொன்னார். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வராது, சார். மனசுக்குள் வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலை தெரிந்த கை சும்மா இருப்பது மாதிரி வேதனை வேறு கிடையாது. நான் காசுக்கு அலையவில்லை. யாராவது ஒருவர் என்னைக் கூப்பிட்டு, ரூபன், இந்த வாசலை நீ பார்த்துக்கொள் என்று சொல்லமாட்டாரா என்று ஏங்கினேன். ஒரே ஒரு வாசல் போதும்.

எங்கள் தெருமுனையில் பாலாய் ராயா இருக்கிறது. கூட்டம், கல்யாணம், காலை உடற்பயிற்சி எல்லாம் அந்தப் பொது மண்டபத்தில்தான். படிக்கட்டில் வழவழவென்று டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குக் கை அரித்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் சிவானந்தன் ஐயாவைப் போய்ப் பார்த்தேன். யாழ்ப்பாண வழி வந்த குடும்பம், அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், யாரையும் வாடா போடா என்று பேசமாட்டார், எல்லோரையும் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார். என் அட்டையை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். பிறகுதான் சொன்னார்.

"ஐசே, இஞ்ச எங்க பனி பெய்யுது? ஆராவது வழுக்கி விழட்டும், அப்ப பாப்பம்."

இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், சார். அவர் முடியாது என்று சொல்லவில்லை. விழட்டும், பார்ப்போம் என்றார். சங்கத் தலைவர் வாயால் வந்த நிபந்தனை அது. நிபந்தனையை நிறைவேற்றிக் கொடுப்பது குத்தகைக்காரன் கடமை.

அர்ச்சுனன் மச்சான் விடியற்காலையில் சந்தையில் மீனை இறக்கிவிட்டு வந்து, பெட்டியில் மிஞ்சின ஐஸை எங்கள் கால்வாயில்தான் கொட்டுவார். வீணாகப் போகிற பொருள். அதை ஒரு கூடையில் பிடித்து, வெள்ளோட்டமாகப் பாலாய் ராயா படியில் பரப்பினேன். மனிதர்கள் வருவதற்குள் பூனைகள் வந்துவிட்டன. தெருவில் உள்ள அத்தனை பூனையும் படியை நக்கி முடித்துவிட்டு என்னைப் பார்த்தன. மீன் வாடை. அதற்கப்புறம் ஐஸை எலுமிச்சைத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் பரப்பினேன். அப்படியும் சில பூனைகள் என்னை விடவில்லை. உங்கள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருப்பவை என்னோடு வந்தவைதான், விரட்ட வேண்டாம்.

என் திட்டம் ரொம்பச் சாதாரணமானது. உடற்பயிற்சிக்கு வருகிறவர்களில் யாராவது லேசாகச் சறுக்குவார்கள். நான் வண்டியோடு வந்து, அவர்கள் கண்ணெதிரே உப்புத் தூவி ஐஸைக் கரைத்துக் காட்டுவேன். யாருக்கும் கெடுதல் இல்லாத செயல்முறை விளக்கம். ஆனால் அன்றைக்கென்று பார்த்து முதல் ஆளாக வந்தவர் சிவானந்தன் ஐயா. கையில் பாட்டுப் பெட்டி வேறு. பழக்கமான படி என்பதால் கீழே பார்க்காமல் ஏறினார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அவர் சறுக்கியது மூன்றாவது படியில். முதலில் பெட்டி போயிற்று, பிறகு மூக்குக்கண்ணாடி, பிறகு அவர். கீழே மல்லாந்து கிடந்தார். பெட்டி மட்டும் எங்கேயோ உருண்டு, தானாகப் பாட ஆரம்பித்துவிட்டது.

முதலில் இடத்தைப் பத்திரப்படுத்து, அப்புறம் ஆளைப் பார் என்பது எங்கள் பாடம். நான் காத்திருந்த மண்டபத்துக்குள்ளிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு படி மேலே வந்தேன். கைப்பிடியைச் சுழற்றினால் உப்பு விசிறி மாதிரி பறந்து விழும். அளவாகச் சுழற்றினேன். படியில் விழுந்தது போக மிச்சம் அவர் மேல் இறங்கியது, மெதுவாக, வெள்ளை வெள்ளையாக. கண்ணாடி இல்லாத கண்ணால் அவர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். 

"பனி," என்றார். "ஐசே, பனி பெய்யுது."

அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன், சார். என் கல்யாணத்தில்கூட அப்படி இருந்ததில்லை. இங்கே எங்கே பனி என்று கேட்ட அதே வாய்.

அதற்குள் அவருடைய மனைவி புஷ்பராணி அக்காவின் குரல் தெருவில் கேட்டது. ஆளைப் பார்க்கத்தான் ஆள் வந்தாயிற்றே என்று நான் பின்பக்கச் சந்து வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். படிக்குப் பக்கத்தில் புஷ்பராணி அக்கா வளர்த்த கருவேப்பிலை மரம் நிற்கிறது. அத்தனை அவசரத்திலும் அதன் அடியில் ஒரு கல் உப்பு விழாமல் பார்த்துக்கொண்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இடுப்பு எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியிலும் அவர் பனி பெய்தது, பனி பெய்தது என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். தெருவில் போனவர்கள் பார்த்ததோ படி முழுக்க உப்பு, தலைவர் தலை முழுக்க உப்பு. ஐஸ்தான் கரைந்துவிட்டதே. நம் ஜனங்களுக்கு வாசலில் உப்பு கிடந்தால் வேறு என்ன தோன்றும். செய்வினை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

யார் செய்தது என்று தேடவும் இல்லை. எங்கள் தெருவில் குழந்தைகளுக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறவர் வீரம்மா அக்கா. கருவேப்பிலை பறித்ததற்காக அதற்கு முந்தின மாதம்தான் சிவானந்தன் ஐயா அவரிடம் இரண்டு வார்த்தை கேட்டிருந்தார். போதாதா? அந்த அம்மா வந்தால் கடையில் பேச்சு நின்றுபோனது. யாரோ அவர் வீட்டுக் கேட்டில் வேப்பிலை கட்டினார்கள். தண்ணீர் பிடிக்க வெளியே வந்து, அழுதுகொண்டே உள்ளே போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவசரப்பட்டுப் பேசி என் வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. நிபந்தனை நிறைவேறிவிட்டது, சங்கத்திலிருந்து ஆள் வரும் என்று குளித்து, சட்டை போட்டு, அட்டையை மாட்டிக்கொண்டு வீட்டில் காத்திருந்தேன்.

ஆள் வந்தது. என் வீட்டுக்கு இல்லை, வீரம்மா அக்கா வீட்டுக்கு.

பயம் பக்தியாக மாற எவ்வளவு நேரம் ஆகும்? கட்டத் தெரிந்தவளுக்கு அவிழ்க்கவும் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதலில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் என் மச்சான் அர்ச்சுனன், லாரிக்குச் சுற்றிப் போட வேண்டுமாம். பிறகு தெருவே போனது. கடைசியில் சங்கமே கூடி, பாலாய் ராயா படியில் இனிமேல் காலையில் வீரம்மா அக்காதான் உப்புப் போட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் வழுக்கவில்லை. எப்படி வழுக்குவார்கள்? ஐஸ் போடுகிறவன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேனே.

அதையும் பொறுத்துக்கொண்டேன், சார். அவர் உப்புப் போடுகிற லட்சணத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கைக்கு வந்தபடி அள்ளி அள்ளி வீசினார். கால்வாயில் பாதி. மிச்சத்தைக் கூட்டுவதும் இல்லை. மரத்தடிக்கு என்று தனியாக ஒரு பிடி, அங்கேதான் கெட்டது குடியிருக்குமாம். கருவேப்பிலை இலை ஓரம் கருகி, பழுத்து, கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மரம் பட்டுப்போன அன்று நான் சோறு சாப்பிடவில்லை. நேராக அவரிடம் போனேன். அட்டையைக் காட்டி, அளவு, விதி, வேர், ஆறு, மீன் எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அந்த அம்மா என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"தம்பி, உப்புப் போடுறதுக்கு ஒரு கைராசி வேணும்லா. அதெல்லாம் படிச்சு வராது."

அங்கிருந்து நேராக இங்கே வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று கான்ஸ்டபிள் நினைக்கிறார். உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும் என்றுகூடச் சொன்னார். நல்ல பழமொழி. ஆனால் நான் வந்தது கணக்கு நேராக இருக்க வேண்டும் என்பதற்காக. படியில் ஐஸ் பரப்பியவன் நான். அவரைக் கிடக்கவிட்டு உப்புத் தூவியவன் நான். தூக்கிவிடாமல் போனவனும் நான். சிவானந்தன் ஐயாவின் இடுப்பு முழுக்க முழுக்க என் வேலை, அதில் வீரம்மா அக்காவுக்குக் கடுகளவும் பங்கு இல்லை. மரம் மட்டும் அவருடையது. இரண்டையும் கலந்து எழுதிவிடாதீர்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? தேதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். வரும்போது பார்த்தேன், உங்கள் ஸ்டேஷன் வாசல் படியிலும் அதே டைல்ஸ்தான் பதித்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஆபத்து, நான் வேண்டுமானால் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதற்கு நீங்கள் சிரித்துக்கொண்டே, முதல்ல யாராச்சும் விழட்டும், அப்புறம் பாக்கலாம் என்றீர்கள். சரி, சார். நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்லை. உங்கள் கிளாஸில் கொஞ்சம் ஐஸ் மிச்சம் இருக்கிறது. குடிக்கவில்லை என்றால் அதை இப்படிக் கொடுங்கள்.